யானையைப் பற்றிப் பேச வெளிநாடு எதற்கு? இளம் ஆராய்ச்சியாளருக்கு வழிச்செலவு சேர்க்கும் முறை



“யானை இங்கதானே இருக்கு? அதைப் பத்திப் பேசுறதுக்கு எதுக்குப்பா பிளேன் ஏறணும்?” வனஜீவராசிகளைப் பற்றிப் படிக்கும் ஒரு பிள்ளை வெளிநாட்டு மகாநாட்டுக்குப் போகப் பணம் சேர்க்கிறது என்றால், லயத்து வாசலில் முதலில் எழும் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வியும் உடனே வரும்: “நம்ம காசுல அது ஊர் சுத்திப் பார்க்கவா?”

இரண்டும் நியாயமான கேள்விகளே. நாள் முழுக்க மலையில் நின்று உழைத்த பணத்தைக் கொடுப்பவருக்குக் கேட்க உரிமை உண்டு. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்வதும், பணம் சேர்ப்பதாக இருந்தால் அதை ஒழுங்காகச் செய்யும் முறையைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கந்தளாயில் என்ன நடக்கிறது?

திருக்கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் வான் பிடித்துப் போனவர்களுக்கு, ஹபரணைச் சந்தி தாண்டியதும் தொடங்கும் காட்டு வீதி ஞாபகம் இருக்கும். பொழுது சாய்ந்தால் சாரதி வேகத்தைக் குறைப்பார். எந்த வளைவிலும் யானை நிற்கலாம். அந்த வீதியில் திருகோணமலைக்கு முன்னால் வரும் பெரிய ஊர் கந்தளாய். பழைய அரசர் காலத்துக் குளம், அதன் தண்ணீரில் விளையும் கந்தளாய், தம்பலகாமம் வயல்கள், அதற்கு அப்பால் காடு.

யானைக்கு இந்தப் பகுதியெல்லாம் ஒரே வளவு மாதிரி. கோடையில் மின்னேரியா, கவுடுல்ல குளங்களில் தண்ணீர் வற்றி, கரையில் பசும்புல் முளைக்கும். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடும். மழை தொடங்கிக் குளம் நிறைந்ததும் பிரிந்து போகும். மின்னேரியா 1997இலும் கவுடுல்ல 2002இலும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. ஆனால் யானைக்கு வர்த்தமானி தெரியாது. அது நடக்கும் வழியில் வயலும் உண்டு, வாழைத்தோட்டமும் உண்டு, வீடும் உண்டு, புகையிரதப் பாதையும் உண்டு.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைப் பக்கத்தில் பயணிகள் புகையிரதம் ஒன்று மோதி ஆறு யானைகள் இறந்தன. 2019ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானையால் 120க்கு மேற்பட்ட மனித உயிர்கள் போயின. பாவம் யானை என்பதும் சரி, பாவம் விவசாயி என்பதும் சரி. இரண்டு பக்கமும் சாவு விழுகிறது.

இதற்குத் தீர்வு காண வேண்டுமானால் முதலில் விஷயம் தெரிய வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் கூட்டம் எந்த வழியால் வருகிறது? வேலியை எந்த இடத்தில் உடைக்கிறது? பட்டாசு கொளுத்திய ஊரில் மறுபடி வந்ததா, வரவில்லையா? இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளை மாதக் கணக்கில் காட்டோரத்தில் திரிய வேண்டும். யானை லத்தியைப் பார்த்து எப்போது போனது என்று கணிக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் ஊர்ச்சனங்களோடு உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். இதுதான் வனஜீவராசி ஆராய்ச்சி. படம் பிடிக்கிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

இப்படிப் பல ஆண்டு ஆராய்ச்சி செய்தவர்களின் பேச்சு பயன் தந்திருக்கிறது. யானை ஆராய்ச்சியாளரான கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, 2020இல் மனித-யானை மோதலைக் குறைக்கும் தேசிய செயற்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. யானையை விரட்டிக் காட்டுக்குள் அடைத்து வேலி போடுவதை விட, ஊரையும் வயலையும் சுற்றி வேலி போட்டு அதை ஊரவரே பராமரிப்பது மேல் என்பது அதன் முக்கியமான கருத்து. வயலைச் சுற்றிப் போடும் மின்வேலியை அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். மேசையில் இருந்து யோசித்து வந்த கருத்தல்ல இது. யானைக்குக் கழுத்துப் பட்டி மாட்டி, அது போகும் இடமெல்லாம் பார்த்துக் கண்டது.

மகாநாடு என்றால் என்ன?

மகாநாடு என்றதும் நமக்கு மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். விஞ்ஞானிகளின் மகாநாடு வேறு மாதிரி. உலகத்தின் பல பக்கங்களில் ஒரே விஷயத்தை ஆராய்கிறவர்கள் நாலைந்து நாள் ஓரிடத்தில் கூடுவார்கள். போக விரும்புகிறவர் பல மாதம் முன்கூட்டியே தம் ஆராய்ச்சியின் சுருக்கத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அதை மூத்தவர்கள் வாசித்து, தகுதி உண்டு என்றால் ஏற்பார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் பத்துப் பதினைந்து நிமிடம் பேசலாம். அல்லது பெரிய தாளில் படமும் கணக்கும் அச்சிட்டுச் சுவரில் மாட்டி, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கலாம். பிறகு கேள்விகள். “இதை எப்படி அளந்தீர்கள்? மழைக்காலத்திலும் பார்த்தீர்களா?” என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளில்தான் ஒரு இளம் ஆராய்ச்சியாளர் பக்குவப்படுகிறார்.

நம்ம தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு எந்த மலை, யாருக்கு என்ன வேலை என்பது பெரட்டுக் களத்தில்தான் தீர்மானமாகிறது. பெரட்டுக்கு வராதவருக்குப் பேர் விழாது. மகாநாடும் அப்படித்தான். அடுத்த ஆராய்ச்சிக்கு யார் யாரோடு சேர்வது, எந்த நிதியம் எதற்குப் பணம் தரும், எந்த ஊர் அனுபவம் எந்தப் புத்தகத்தில் ஏறும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே நேருக்கு நேர் பேசும்போதுதான் அமைகிறது. போகாதவரின் ஊர் அந்தப் பேச்சில் வராது.

மாணவர்களுக்கென்றே நடக்கும் மகாநாடுகளும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய மாணவர் இயற்கைப் பாதுகாப்பு மகாநாடு அவற்றில் ஒன்று. அதன் சகோதர மகாநாடு இந்தியாவின் பெங்களூரில் 2010இல் ஆரம்பமானது. ஆசிய, ஆபிரிக்க நாட்டுப் பிள்ளைகளுக்கு அது மிகவும் உதவுகிறது. முதன்முறை போகிறவர் இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும்தான் போக வேண்டும் என்றில்லை. பெங்களூர் நமக்குப் பக்கம், செலவும் குறைவு.

ஒரு நாட்டு அறிவு இன்னொரு நாட்டுக்கு

கென்யா நாட்டில், தேன்கூடு உள்ள மரத்தை யானை அண்டாது என்று ஊர்ச்சனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்த லூசி கிங் என்ற இளம் பெண், தேனீக்களின் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து யானைகளுக்குப் போட்டுக் காட்டினார். பெரும்பாலான யானைக் கூட்டங்கள் விலகி ஓடின. 2007இல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. பிறகு தேன்பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டு வயலைச் சுற்றி வேலியாக்கும் முறை உண்டாயிற்று. யானை கம்பியில் முட்டினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். விவசாயிக்குத் தேனும் கிடைக்கும்.

அந்த யோசனை நம் நாட்டுக்கும் வந்தது. 2014ஆம் ஆண்டு முதல் வஸ்கமுவப் பக்கத்துக் கிராமங்களில் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஆனால் ஒன்று. நம்முடைய தேனீ ஆபிரிக்கத் தேனீயைப் போல மூர்க்கமானது அல்ல. அங்கே செய்ததை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இங்குள்ளவர் இங்கே செய்து பார்த்து, “எங்கள் ஊரில் இவ்வளவுதான் பலித்தது” என்று திரும்பச் சொன்னால்தான் அறிவு முழுமையாகும். வெளிநாட்டுப் பயணத்தின் பயன் இதுதான்: அங்கிருந்து ஒன்றைக் கற்பது, இங்கிருந்து ஒன்றைச் சொல்வது.

திருகோணமலைக் கடல் சொல்லும் பாடம்

இங்குள்ளவர் போகாவிட்டால் என்ன ஆகும்? அதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சாட்சி. துறைமுக வாசலுக்கு அருகிலேயே கடலுக்கடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு உண்டு. அதனால் பெரிய திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் உலக வனஜீவராசிகள் நிதியத்தின் ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்த வெளிநாட்டு விஞ்ஞானிகள் அந்தக் கடலில் நீலத் திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் ஆராய்ந்தார்கள். அவர்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் அவர்கள் போன பிறகு அந்த வேலையைத் தொடர நம் நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் அரிதாக இருந்தார்கள். யுத்தமும் வந்து சேர்ந்தது.

பல ஆண்டுகள் கழித்து இலங்கைப் பெண் ஒருவர் அந்த இடைவெளியை நிரப்பினார். அவர் ஆஷா டி வொஸ். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்தவர். படிப்பு முடிந்ததும் நியூசிலாந்துக்குப் போய் அனுபவம் பெற விரும்பினார். கையில் பணமில்லை. உருளைக்கிழங்கு வயலில் கூலி வேலை செய்து வழிச்செலவு சேர்த்தார். பிறகு ‘ஒடிஸி’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் இந்து சமுத்திரத்துக்கு வருவதை அறிந்து, தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி மாதக் கணக்கில் விடாமல் எழுதினார். கடைசியில் மாலைதீவில் வந்து ஏறச் சொன்னார்கள். எடுபிடி வேலையாளாகத்தான் ஏறினார்.

2003இல் அந்தக் கப்பலில் இருந்தபோது, நம் தெற்குக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் மிதப்பதையும், தண்ணீரில் செம்மண் நிறத்தில் அவற்றின் கழிவு பரவுவதையும் கண்டார். கழிவு இருக்கிறது என்றால் அங்கேயே இரை தின்கிறது என்று அர்த்தம். நீலத் திமிங்கிலம் குளிர்க் கடலில்தான் இரை தின்னும் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நம் பக்கத்துத் திமிங்கிலங்கள் துருவக் கடலுக்குப் போகாமல் இந்த வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன என்பது பின்னர் உறுதியானது. ஆஷா அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டம் பெற்று, கடற் பாலூட்டிகள் ஆராய்ச்சியில் அப்பட்டம் பெற்ற முதல் இலங்கையரானார். 2017இல் ‘ஓசியன்ஸ்வெல்’ என்ற நிறுவனத்தை இங்கேயே தொடங்கி, அடுத்த தலைமுறையைப் பழக்குகிறார்.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் வந்து, தகவலை எடுத்துக்கொண்டு, ஊருக்கு எதையும் விட்டுவைக்காமல் போவதை ‘பரசூட் விஞ்ஞானம்’ என்று சொல்வார்கள். ஆகாயத்திலிருந்து குதித்து, வேலை முடிந்ததும் பறந்துபோவது. அதை எதிர்த்து உலக மேடைகளில் ஆஷா பேசி வருகிறார். உலகக் கடற்கரையில் பெரும்பங்கு நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கும்போது, கடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும் செல்வந்த நாட்டவராக இருப்பது சரியா என்பது அவர் கேள்வி.

பேச்சினால் என்ன பயன் என்பீர்கள். நம் தெற்குக் கடலில் கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாவதைப் பற்றி ருகுணுப் பல்கலைக்கழகத்தாரும் வெளிநாட்டு அமைப்புகளும் ஆண்டுக் கணக்கில் தகவல் சேர்த்து எடுத்துச் சொன்னார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற மிகப் பெரிய கப்பற் கம்பனி தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. அந்தக் கம்பனியின் தலைமைக் காரியாலயம் இருப்பது சுவிற்சர்லாந்தில். செத்தது நம் கடலில். தீர்மானம் எடுத்தது அங்கே. இடையில் யாராவது போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா?

நம்ம மலைக்கும் இது பொருந்தும்

“யானையும் திமிங்கிலமும் நமக்கு எதுக்கு?” என்று கேட்கலாம். நமக்குச் சிறுத்தை இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் இறந்துவிட்டது. அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் தானியங்கிக் கமரா வைத்து, மலையகத்தில் தேயிலையும் காடும் கலந்த இடங்களில் சிறுத்தைகள் வாழ்வதை ஆண்டுக் கணக்கில் பதிவு செய்து வருகிறார்கள்.

கொழுந்து பறிக்கப் போகும் அக்காமாருக்குச் சிறுத்தையின் கால்தடம் தெரியும். எந்த ஓடையோரம் அது படுக்கும், எந்த நேரத்தில் லயத்து நாயைத் தேடி வரும் என்பதும் தெரியும். கந்தளாய் விவசாயிக்கு யானையைப் பற்றித் தெரிந்த மாதிரி. இந்த அறிவு ஆராய்ச்சித் தாளில் ஏற வேண்டுமானால் இந்த மொழியும் இந்த வாழ்க்கையும் தெரிந்த ஒரு பிள்ளை எழுத வேண்டும். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் படிக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கந்தளாய் யானையை ஆராயலாம், இன்னொருவர் நம்ம மலைச் சிறுத்தையை ஆராயலாம். அவர் உலகத்துக்கு முன்னால் எழுந்து பேசப் போகும் நாளில், பஸ் கூலி இல்லை என்பது போல விமானக் கூலி இல்லை என்று நின்றுவிடக் கூடாது.

எவ்வளவு செலவாகும்?

செலவைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுத வேண்டும்.

1. மகாநாட்டுப் பதிவுக் கட்டணம்
2. விமானச் சீட்டு
3. விசாக் கட்டணமும், அதற்காகக் கொழும்புக்குப் போய்வரும் செலவும்
4. தங்குமிடம், சாப்பாடு
5. பிரயாணக் காப்புறுதி
6. அந்த ஊரில் பஸ், ரயில் செலவு
7. படத்தாள் அச்சிடும் செலவு

நம் நாட்டவருக்கு இது ஏன் பாரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் டொலர் போன்ற வெளிநாட்டு நாணயத்தில்தான் வரும். 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த ஆண்டிலேயே 360 ரூபா வரை ஏறியது. ஒரு பேச்சுக்கு, பதிவுக் கட்டணம் 300 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 90,000 ரூபா ஆகிறது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்சம்பளப்படி பார்த்தால், அது 67 நாள் பேர் போட்டால் வந்திருக்கும் பணம். இது வாசல் கட்டணம் மட்டுமே.

விசாவிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. விசா மறுத்தால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே விசா கைக்கு வருமுன் திருப்பிக் கொடுக்க முடியாத விமானச் சீட்டை வாங்கக் கூடாது.

முதலில் எங்கே கேட்பது?

ஊரில் உண்டியல் குலுக்குவது கடைசிப் படி. அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் உண்டு.

முதலாவது, மகாநாட்டை நடத்துகிறவர்களிடமே கேட்க வேண்டும். மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த நாட்டவருக்கும் கட்டணக் குறைப்போ பயண உதவியோ பல மகாநாடுகளில் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பமும் தனி முடிவுத் திகதியும் இருக்கும். திகதி தவறினால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, படிக்கும் பல்கலைக்கழகம், தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடங்களின் அறிவித்தல்களைப் பார்க்க வேண்டும். துறைத் தலைவரின் கடிதம் அவசியம்.

மூன்றாவது, அந்தத் துறையின் சர்வதேசச் சங்கங்கள். இயற்கைப் பாதுகாப்பு உயிரியலுக்கும் கடற் பாலூட்டிகளுக்கும் சர்வதேசச் சங்கங்கள் உண்டு. மாணவர்களுக்குப் பயண உதவி அளிக்கின்றன. ஆனால் காட்டில் செய்யும் வேலைக்குப் பணம் தரும் நிதியங்கள் எல்லாம் மகாநாட்டுச் செலவுக்குத் தருவதில்லை. நிபந்தனையை வாசித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். சில உதவிகள் செலவழித்து முடித்து, பற்றுச்சீட்டுக் காட்டிய பிறகே வரும். வசதியான வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பிறகு பெற்றுக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளை என்ன செய்யும்? உதவி கிடைத்தும் போக முடியாமல் நிற்கும். இப்படிப்பட்ட வேளையில் ஊர் பணத்தை நன்கொடையாகத் தர வேண்டியதில்லை. கைமாற்றாகத் தந்தால் போதும். பணம் வந்ததும் திருப்பிக் கட்டலாம். மகளிர் சங்கமோ மரண சகாய சங்கமோ தன் விதிகளுக்குள் இதைச் செய்ய முடியுமா என்று பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்மானிக்கலாம்.

போலி மகாநாடுகள்: எச்சரிக்கை

கட்டணம் பிடுங்குவதற்கென்றே நடத்தப்படும் மகாநாடுகளும் உலகத்தில் உண்டு. “உங்கள் மகத்தான ஆராய்ச்சியைப் பார்த்தோம், விசேஷ பேச்சாளராக வாருங்கள்” என்று முன்பின் தெரியாதவரிடமிருந்து கடிதம் வரும். சுருக்கத்தை அனுப்பினால் ஓரிரு நாளிலேயே ஏற்றுக்கொள்வார்கள். யானைக்கும் இயந்திரத்துக்கும் வைத்தியத்துக்கும் ஒரே கூட்டமாக இருக்கும். பின்னால் பல்கலைக்கழகமோ தெரிந்த சங்கமோ இராது. இப்படி ஒரு அழைப்பு வந்தால், பணம் கட்டுமுன் பேராசிரியரிடம் காட்டிக் கேட்க வேண்டும். பணம் கொடுக்கும் ஊரவரும் இதைக் கேட்கலாம்: “தம்பி, இதை நடத்துறது யாரு? ஒங்க சேர் பார்த்தாரா?”

ஊரில் சேர்க்கும்போது

திருவிழாவுக்குச் சந்தா சேர்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. நல்ல கோயில் கமிட்டி எப்படிக் கணக்கு வைக்குமோ அப்படியே வைக்க வேண்டும்.

பணம் பிள்ளையின் சொந்தக் கணக்கில் சேரக் கூடாது. இரண்டு மூன்று பேர் கையொப்பமிடும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். மொத்தம் எவ்வளவு தேவை, வேறு இடத்தில் எவ்வளவு கிடைத்தது, மீதி எவ்வளவு என்பதை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். தேவையான தொகை சேர்ந்ததும் சேகரிப்பை நிறுத்த வேண்டும்.

விசா கிடைக்காவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பிக் கொடுப்பதா, அடுத்த ஆண்டுக்கு வைப்பதா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதா என்று கூட்டத்தில் தீர்மானித்து எழுதி வைத்தால் பிறகு மனஸ்தாபம் வராது. 2020க்குப் பிறகு சில மகாநாடுகளில் இணையவழியாகப் பேசவும் இடமளிக்கிறார்கள். பயணம் தடைப்பட்டால் அந்த வழியையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. செக்ரோலில் எல்லோருக்கும் ஒரேயடியாக வெட்டுவது சரியல்ல. ஐம்பது ரூபா கொடுத்தவரின் பெயரையும் ஐயாயிரம் கொடுத்தவரின் பெயரையும் ஒரே எழுத்தில் எழுத வேண்டும்.

மாதிரிக் கடிதம்

உதவி கேட்கும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கீழே ஒரு மாதிரி. கந்தளாயில் யானை ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்ளுங்கள்.

“மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும்,

நான் ........ தோட்டத்தைச் சேர்ந்தவள். ........ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயில்கிறேன். கந்தளாய்ப் பகுதியில் யானைகள் எந்த மாதங்களில் வயலுக்கு வருகின்றன என்பதை ........ மாதங்களாக ஆராய்ந்தேன். அந்த ஆராய்ச்சியைப் பற்றி ........ நாட்டில் ........ திகதி நடக்கும் மகாநாட்டில் பேச இடம் கிடைத்துள்ளது. ஏற்புக் கடிதமும் என் பேராசிரியரின் கடிதமும் இத்துடன் உள்ளன. மொத்தச் செலவு ........ ரூபா. இதில் ........ ரூபா மகாநாட்டாரின் உதவியாகக் கிடைத்துள்ளது. மீதி ........ ரூபாவுக்கே உங்கள் உதவியைக் கேட்கிறேன். செலவு விபரம் மறுபக்கத்தில் உண்டு. திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் கணக்கை ஒப்படைத்து, தோட்டப் பாடசாலையிலும் மகளிர் சங்கத்திலும் கற்றதைச் சொல்வேன்.

இப்படிக்கு, ........”

இதில் கெஞ்சலும் இல்லை, பெருமையும் இல்லை. என்ன செய்தேன், எங்கே போகிறேன், எவ்வளவு தேவை, என்ன திருப்பித் தருவேன் என்ற நான்கும் இருக்கின்றன. அது போதும்.

திரும்பி வந்த பிறகு

பிள்ளை கொண்டுவர வேண்டியது சொக்கிலேட்டும் படங்களும் மட்டுமல்ல. முதலில் கணக்கு. அடுத்து, சந்தித்தவர்களின் பெயர்ப் பட்டியல். அடுத்து வரும் பிள்ளைக்கு அது பெரிய சொத்து. மூன்றாவதாக, பேசியதைத் தமிழில் திரும்பப் பேச வேண்டும். தகவல் கொடுத்த கந்தளாய் விவசாயிக்குச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். இரவு முழுக்கக் காவல் பரணில் கண்விழித்தவர் சொன்ன விஷயம்தான் அந்த மகாநாட்டில் பேசப்பட்டது. அது எங்கே போனது, யார் என்ன கேட்டார்கள் என்பதை அவருக்குச் சொல்லாமல் விட்டால் அதுவும் பரசூட் விஞ்ஞானம்தான். நம்ம பிள்ளை செய்தாலும் அப்படித்தான்.

ஆகவே, லயத்து வாசலில் எழுந்த இரண்டு கேள்விக்கும் பதில் இது. யானை இங்கேதான் இருக்கிறது, சிறுத்தையும் இங்கேதான் இருக்கிறது. அவற்றைப் பற்றிய பேச்சு வெளியிலும் நடக்கிறது. அந்தப் பெரட்டில் நம் பேரும் விழ வேண்டும். ஊர் சுற்றப் போகிறதா என்பதற்கு, பலகையில் ஒட்டிய கணக்கும் திரும்பி வந்து சொல்லும் பேச்சும் பதில் சொல்லும்.

உங்கள் தோட்டத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். காட்டையும் மிருகத்தையும் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லிக் கொடுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.